வாசகர் கேள்வி – பதில்: பட்டறைப் பையன்களும் கட்சிப் பெரியவர்களும்

சென்ற இதழில் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் (நம் பிரதமரைப் போன்ற பதவி) வில்லி பிராண்ட், 1970 டிசம்பர் 7 அன்று வார்சா நகரில் யூதர்களின் நினைவுச் சின்னத்தின் முன் முழந்தாளிட்டதைப் பற்றி எழுதியிருந்தேன். சமூக ஜனநாயகக் கட்சிக்காரரான அவர் ஒரு சோசலிஸ்ட் இளைஞர் அமைப்பில் வளர்ந்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எண்ணவில்லை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி தன் இளைஞர் அமைப்பை எப்போது, எதற்காகத் தொடங்கியது?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

அதைக் கட்சி தொடங்கவில்லை என்பதிலிருந்துதான் அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1904 ஜூன் மாதத்தில், பெர்லினை ஒட்டிய குரூனவால்ட் காட்டில், பூட்டுப் பட்டறை ஒன்றில் தொழில் பழகிவந்த சிறுவன் தூக்கிட்டு இறந்து கிடந்தான். அவன் உடம்பில் பட்டறை உரிமையாளர் அடித்த காயங்கள் இருந்தன. அன்றைய ஜெர்மன் தொழிற்சட்டம் பழகுநரை உரிமையாளரின் ‘தந்தைக்குரிய கண்டிப்பின்’ கீழ் வைத்திருந்தது. அளவு மீறி அடிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொன்னாலும், அளவு எது என்பதை அடிக்கிறவரே தீர்மானித்தார். இந்த உரிமை சட்டத்திலிருந்து முழுவதுமாக நீங்கியது 1951இல்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படித்தபோது எனக்கு விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படவில்லை. பதினைந்து வயதில், பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவில் ஒரு லேத் பட்டறையில் நான் எட்டு மாதம் எடுபிடியாக இருந்தேன். காலையில் முதல் வேலை, மெஷினுக்கு அடியில் குவிந்திருக்கும் இரும்புச் சுருள்களைச் சாக்கில் அள்ளுவது. கையுறை கிடையாது, விரல் கிழிந்தால் கிரீஸைத் தடவிக்கொள்வோம். பத்து மணிக்குத் தூக்குவாளியுடன் டீ வாங்கப் போக வேண்டும். மதியம் முதலாளி வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் சுமக்க வேண்டும். பழகிய தொழில் என்று சொல்லிக்கொள்ள அந்த எட்டு மாதத்தில் ஏதுமில்லை. ஸ்பேனர் நம்பரை மாற்றி எடுத்துக் கொடுத்தால் அதே ஸ்பேனர் முட்டியில் விழும், அவ்வளவுதான். பெர்லின் பையன்களின் முறையீடுகளும் ஏறத்தாழ இவைதாம்: அடிக்கக் கூடாது, வேலை நேரம் குறைய வேண்டும், தொழிற்பள்ளி வகுப்பை உடல் ஓய்ந்த இரவில் வைக்காமல் பகலில் வைக்க வேண்டும்.

அந்தச் சிறுவனின் மரணத்தைத் தொடர்ந்து, 1904 அக்டோபரில் பெர்லினில் பழகுநர்களும் இளந்தொழிலாளர்களும் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். கட்சியின் கோட்பாட்டாளர்களில் ஒருவரான எட்வர்ட் பெர்ன்ஸ்டைன் அவர்களுக்குத் துணை நின்றார். அதே ஆண்டில் தெற்கே மன்ஹைம் நகரில் லுட்விக் ஃபிராங்க் என்ற இளம் வழக்கறிஞர் இன்னொரு சங்கத்தைத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச சோசலிஸ்ட் மாநாட்டுக்குப் போனவர், பெல்ஜியத்தின் இளைஞர் படையைப் பற்றி அறிந்து, அந்த உற்சாகத்தோடு ஊர் திரும்பியிருந்தார். வடக்கே பிரஷ்யச் சட்டம் பழகுநர்கள் அரசியல் சங்கங்களில் சேருவதைத் தடுத்ததால், பெர்லின்காரர்கள் ‘நாங்கள் அரசியல் பேசுவதில்லை’ என்று சொல்லிக்கொண்டே தொழில் உரிமை பேசினார்கள். சட்டம் சற்றுத் தளர்வாக இருந்த தெற்கே, இளைஞர்கள் ராணுவ எதிர்ப்பை வெளிப்படையாகவே பேசினார்கள்.

1907 ஆகஸ்டில் ஸ்டட்கார்ட் நகரில் பல நாட்டு இளைஞர் அமைப்புகள் கூடி ஒரு சர்வதேச ஒன்றியத்தை அமைத்தபோது, கார்ல் லீப்னெக்ட் அதன் தலைவரானார். ராணுவ எதிர்ப்பு நூல் ஒன்றை எழுதியதற்காக அதே ஆண்டில் அவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நம்மவர்கள் அறிந்த ஒரு நிகழ்ச்சியும் அதே ஊரில் அதே வாரத்தில்தான் நடந்தது. மேடம் காமா இந்தியக் கொடியை அயல்மண்ணில் விரித்துக் காட்டிய சோசலிஸ்ட் மாநாடு, ஸ்டட்கார்ட் மாநாடே.

பையன்கள் சங்கம் வைத்தால் தொழிலாளர் கட்சிக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? தலைவர்கள் ஏன் முகம் சுளித்தார்கள்?
– மளிகைக் கடைக்காரர், வேலந்தாவளம்

உங்கள் கடையில் பொட்டலம் கட்டும் பையன் ஒரு நாள் விலைப் பட்டியலைத் தானே எழுதி மாட்டினால் எப்படியிருக்கும்? கட்சித் தலைவர்களுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கூலியும் வேலை நேரமும் தங்கள் பொறுப்பு என்று தொழிற்சங்கங்கள் கருதின. அரசியல் தன் பொறுப்பு என்று கட்சி கருதியது. இளைஞர்களுக்கு மிஞ்சியது பாட்டும் படிப்பும் நடைப்பயணமும்தான்.

1908இல் வந்த பேரரசின் சங்கச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் அரசியல் சங்கத்தில் சேரவோ அரசியல் கூட்டத்துக்கு வரவோ கூடாது என்று தடுத்தது. அரசாங்கத்தின் இந்தத் தடை கட்சிக்கு ஒருவகையில் வசதியாகவே அமைந்தது என்பது என் கணிப்பு. தன்னிச்சையாக இயங்கிய சங்கங்கள் கலைந்தன. அவற்றின் இடத்தில் உள்ளூர்தோறும் பெரியவர்கள் அமர்ந்த இளைஞர் குழுக்களும், மேலே ஒரு மைய அலுவலகமும் ஏற்பட்டன. அந்த அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஃபிரெட்ரிக் எபர்ட். இளமையில் சேணம் தைக்கும் தொழில் பழகியவர், பின்னாளில் ஜெர்மன் குடியரசின் முதல் அதிபரானவர். நிர்வாகத் திறமையில் குறை சொல்ல முடியாது. 1909இல் தொடங்கிய இளைஞர் இதழ் போருக்கு முன்பே ஏறத்தாழ ஒரு லட்சம் படிகளை எட்டியது. ஆனால் ஆசிரியர் குழுவில் இளைஞரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த மனிதர்கள் பின்னர் எப்படிப் பிரிந்தார்கள் என்பதையும் பாருங்கள். மன்ஹைமின் ஃபிராங்க் தாமே முன்வந்து படையில் சேர்ந்து, 1914 செப்டம்பர் 3 அன்று போர்முனையில் உயிரிழந்தார். லீப்னெக்ட் அதே ஆண்டு டிசம்பரில், போர்ச் செலவுக்கான கடனை எதிர்த்து நாடாளுமன்றத்தில் தனியொருவராக வாக்களித்தார். 1919 ஜனவரி 15 அன்று அரசு துணைக்கழைத்த கூலிப்படையினர் அவரைக் கொன்றார்கள். அப்போது ஆட்சியின் தலைமையில் இருந்தவர் எபர்ட். இளைஞர் ஒன்றியத்தின் முதல் தலைவர், இளைஞர் அலுவலகத்தின் முதல் தலைவருடைய ஆட்சியில் கொல்லப்பட்டார் என்ற இந்த ஒரு செய்தியை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இளம் சோசலிஸ்டுகள் அமைப்பை 1931இல் கட்சியே கலைத்துவிட்டது என்கிறார்களே, மெய்தானா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மீனாட்சிபுரம்

மெய்தான், ஐயா. முதல் உலகப் போருக்குப் பின் இரண்டு அமைப்புகள் இருந்தன. பதின்ம வயதினருக்கு, 1922இல் உருவான சோசலிஸ்ட் தொழிலாளர் இளைஞர் அமைப்பு. அதைவிட மூத்தவர்களுக்கு இளம் சோசலிஸ்டுகள். ஜெர்மானியர் ‘யூசோ’ என்று சுருக்கிச் சொல்வது இவர்களைத்தான். இந்த மூத்தவர்கள் இருபதுகளில் இரு முகாம்களாகப் பிளந்தார்கள். ஹோஃப்கைஸ்மர் வட்டத்தினர் நாட்டுப்பற்றையும் குடியரசையும் முன்னிறுத்தினார்கள். ஹனோவர் வட்டத்தினர் மார்க்சை முன்னிறுத்தினார்கள். பின்னவர்கள் கை ஓங்கி, கட்சித் தலைமையை விடாமல் குடைந்தார்கள். 1931 லைப்சிக் மாநாட்டில் கட்சி அந்த அமைப்பையே கலைத்தது. இரண்டே ஆண்டில், 1933 ஜூனில், ஹிட்லர் அரசு கட்சியையே தடை செய்தது. கலைத்தவர்களும் கலைக்கப்பட்டவர்களும் ஒன்றாகச் சிறைக்கும் நாடு கடந்தும் போனார்கள்.

வில்லி பிராண்ட் எந்த அமைப்பில் இருந்தார்? நார்வேயில் ஒரு தீவில் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியை, மூணாறு

பிராண்ட் லூபெக் நகரில் பிறந்து, மேலே சொன்ன தொழிலாளர் இளைஞர் அமைப்பில் வளர்ந்து, 1930இல் கட்சியில் சேர்ந்தார். மறு ஆண்டே, கட்சி மிதமாகப் போகிறது என்று கோபித்துக்கொண்டு ஓர் இடதுசாரிச் சிறு கட்சிக்குப் போய்விட்டார். 1933இல் மீன்பிடிப் படகொன்றில் தப்பி நார்வே சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அங்கே தொழிற்கட்சியின் இளைஞர் அமைப்பான ஏ.யூ.எஃப். அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

நீங்கள் கேட்கும் உதோயா தீவு அந்த அமைப்புக்குச் சொந்தமானது. ஆஸ்லோ தொழிற்சங்கத்தினர் 1950இல் அன்பளிப்பாகத் தந்தது. கோடை முகாம் நடந்துகொண்டிருந்த 2011 ஜூலை 22 அன்று, ஆஸ்லோ அரசு வளாகத்தில் குண்டு வைத்து எட்டுப் பேரைக் கொன்ற தீவிர வலதுசாரி ஒருவன், போலீஸ் உடையில் தீவுக்கு வந்து 69 பேரைச் சுட்டுக் கொன்றான். பெரும்பாலோர் பதின்ம வயதினர். தீவில் உயிரிழப்பு நடந்த சிற்றுண்டிக் கட்டடத்தை இடிக்காமல், அதைச் சுற்றி இன்னொரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். அதை உள்ளே தாங்கும் மரத்தூண்கள் 69. வெளிப்புறச் சட்டங்கள் 495, அன்று தீவிலிருந்து உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை. 2015 ஆகஸ்டில் கோடை முகாம் அதே தீவுக்குத் திரும்பியது.

யூசோவும் நம்மூர் வாலிபர் சங்கமும் ஒன்றுதானா?
– ஆட்டோ ஓட்டுநர், கொல்லங்கோடு

இல்லை. நீங்கள் சொல்லும் டி.ஒய்.எஃப்.ஐ. 1980இல் லூதியானாவில் தொடங்கியது. மார்க்சிஸ்ட் கட்சியின் வழிகாட்டுதலில் நடந்தாலும் தனி உறுப்பினர் அட்டை, தனிக் கொடி, தனி அமைப்பு விதிகள் உள்ள வெகுமக்கள் அமைப்பு. யூசோ கட்சிக்குள்ளேயே ஓர் அணி. கட்சியில் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட எவரும் தானாகவே அதன் உறுப்பினர். இந்த அமைப்பு முறைதான் அதன் குணத்துக்குக் காரணம் என்பேன். கட்சி மாநாட்டில் அவர்களுக்கு வாக்கு இருக்கிறது. ஆகவே அவர்கள் வெளியே நின்று கோஷம் போடுவதோடு நிற்பதில்லை, உள்ளே தீர்மானம் கொண்டுவருகிறார்கள். ஜெர்மனியில் ‘ஃபால்கன்’ என்ற பெயரில் கட்சிக்கு வெளியே ஒரு சோசலிஸ்ட் சிறுவர், இளைஞர் அமைப்பும் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இளமையில் புரட்சி பேசியவர்கள் பதவி கிடைத்ததும் அடங்கிப்போவது அங்கேயும் உண்டா?
– தோட்டத் தொழிலாளி மகன், வண்டிப்பெரியார்

உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வசைக்கு அவர்கள் எல்லோரும் தகுதியானவர்கள் அல்லர்.

இரண்டாம் போருக்குப் பின் மீண்டும் எழுந்த யூசோ, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சாதுவாக இருந்தது. அந்தக் காலத்தில் தலைமையை உறுத்தியது மாணவர் அமைப்பு. 1961இல் கட்சி அதனோடு உறவை அறுத்து, அதில் இருப்பவர் கட்சியில் இருக்கக் கூடாது என்று அறிவித்தது. கட்சியை விட்டுத் துரத்தப்பட்ட அந்த மாணவர் அமைப்பு 1968 கிளர்ச்சியின் முன்னணியில் நின்றது. வெளியே தள்ளியதால் அடங்கவில்லை என்பதைக் கட்சி அப்போது பார்த்தது. அடுத்த அலை கட்சிக்குள்ளேயே வந்தது. 1969 அக்டோபரில் பிராண்ட் சான்சலரானார். டிசம்பரில் மியூனிக் நகரில் கூடிய யூசோ மாநாடு தன் பழைய தலைமையை இறக்கிவிட்டு, கார்ஸ்டன் ஃபோய்க்ட் தலைமையில் இடது பக்கம் திரும்பியது. கட்சிக்குள் ஒரு காலும், வாடகைக்குக் குடியிருப்போர், பழகுநர், மாணவர் இவர்களின் போராட்டங்களில் இன்னொரு காலுமாக நிற்பதை ‘இரட்டை உத்தி’ என்று அவர்கள் அழைத்தார்கள்.

தலைமைக்கு இது தலைவலிதான், என்றாலும் பலனும் இருந்தது. 1970இல் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. 1972 தேர்தலில் கட்சி 45.8 சதவீத வாக்கு பெற்று, போருக்குப் பின் முதன்முறையாக நாட்டின் முதல் பெரிய கட்சியானது. தெருவில் நின்று அந்த வாக்குகளைத் திரட்டியவர்களில் இந்தத் தலைவலிக்காரர்கள் கணிசமானோர். 1974இல் ஹைடமாரி வீச்சோரெக்-சோய்ல் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ‘சிவப்பு ஹைடி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. 1998 முதல் 2009 வரை அவரே ஜெர்மனியின் வெளிநாட்டு வளர்ச்சி உதவித் துறை அமைச்சர்.

1977இல் நடந்தது இன்னும் சுவையானது. அரசு பெருமுதலாளிகளின் கருவியாகிவிட்டது என்று வாதிட்ட கிளாஸ் உவே பென்னெட்டர், யூசோ தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கம்யூனிஸ்டுகளோடு கைகோக்கத் தயார் என்ற தொனியில் பேசியதால் அதே ஆண்டில் கட்சி அவரை வெளியேற்றியது. மறு ஆண்டு அவர் இடத்துக்கு வந்தவர் கெர்ஹார்ட் ஷ்ரோடர். இரவில், அன்றைய தலைநகரான பான் நகரத்தில் சான்சலர் மாளிகையின் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கி, ‘நான் உள்ளே போக வேண்டும்’ என்று கத்தினாராம். ஜெர்மனியில் இந்தக் கதையைத் தெரியாதவர் இல்லை. 1998இல் சான்சலராகவே உள்ளே போய்விட்டார். வெளியேற்றப்பட்ட பென்னெட்டர் எண்பதுகளில் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2004இல் கட்சியின் பொதுச் செயலாளரானார். 2003இல் ஷ்ரோடர் வேலையில்லாதோர் உதவியைச் சுருக்கும் திட்டம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் அன்றைய யூசோக்களும் இருந்தார்கள். அவருடைய பழைய நாற்காலியில் இருந்துகொண்டு அவருடைய பழைய வசனத்தையே அவரிடம் பேசினார்கள். எண்பதுகளில் யூசோவின் துணைத் தலைவராக இருந்து இடதுசாரி வாதம் பேசிய ஓலாஃப் ஷோல்ஸ், 2021இல் சான்சலரானபோது அந்தப் பேச்சின் சாயலைக்கூட அவரிடம் காண முடியவில்லை.

இன்றைய யூசோவால் கட்சியை மாற்ற முடிந்திருக்கிறதா?
– வாசகர், சித்தூர்

ஒரு முறை ஏறத்தாழ முடிந்தது. 2018இல் கட்சி மீண்டும் பழமைவாதக் கட்சியின் சான்சலர் மெர்க்கலோடு கூட்டணி ஆட்சி அமைக்கத் துணிந்தபோது, அப்போது இருபத்தெட்டு வயதான யூசோ தலைவர் கெவின் கூனர்ட் ஊர் ஊராகப் போய் எதிர்ப்புப் பிரசாரம் செய்தார். ‘கட்சியில் சேருங்கள், சேர்ந்து வேண்டாம் என்று வாக்களியுங்கள்’ என்ற அழைப்பு பரவி, சில வாரங்களில் இருபத்து நாலாயிரம் பேருக்கு மேல் கட்சியில் சேர்ந்தார்கள். கட்சி உறுப்பினர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் 66 சதவீதத்தினர் கூட்டணிக்கு ஆதரவு தெரிவித்ததால் கூனர்ட் தோற்றார். ஆனால் மறு ஆண்டு நடந்த கட்சித் தலைமைத் தேர்தலில் யூசோ ஆதரித்த இருவர் இணை வென்றது. 2021இல் கூனர்டே பொதுச் செயலாளர். என்னைக் கேட்டால், தோற்ற வாக்கெடுப்பின் 34 சதவீதம்தான் அவர்கள் பெற்ற பெரிய வெற்றி.

என் தாத்தா மார்த்தாண்டத்துக்காரர், 1954 துப்பாக்கிச் சூட்டை நேரில் கண்டவர். அன்று ஆண்டதும் ‘சோசலிஸ்ட்’ கட்சி என்பார். அந்தக் கட்சிக்கு இப்படிக் கேள்வி கேட்கும் இளைஞர் அணி இருக்கவில்லையா?
– வாசகர், பாறசாலை

இத்தனை கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையது.

1952இல் சோசலிஸ்ட் கட்சியும் கிருபளானியின் கட்சியும் இணைந்து பிரஜா சோசலிஸ்ட் கட்சி உருவானது. ஐரோப்பியச் சமூக ஜனநாயகக் கட்சிகளுக்கு இந்தியாவில் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கது அதுதான். 1953இல் ரங்கூனில் நடந்த ஆசிய சோசலிஸ்ட் மாநாட்டிலும் இந்திய சோசலிஸ்டுகள் முன்னணியில் இருந்தார்கள். 1954 மார்ச்சில் திருவிதாங்கூர்-கொச்சியில் அந்தக் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸ் ஆதரவோடு முதலமைச்சரானார். தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக் கட்சி நடத்திய போராட்டத்தில், ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதை உங்கள் தாத்தா கண்டிருக்கிறார்.

கேள்வி எழத்தான் செய்தது. எழுப்பியவர் இளைஞர் அணிக்காரர் அல்லர், கட்சியின் பொதுச் செயலாளரே. ராம் மனோகர் லோகியா அப்போது அலகாபாத் நைனிச் சிறையில் இருந்தார். மக்களைச் சுடும் அரசு சோசலிஸ்ட் அரசாக இருக்க முடியாது, ஆகவே அமைச்சரவை பதவி விலகி, சூட்டைப் பற்றி விசாரணை நடக்க வேண்டும் என்று சிறையிலிருந்தே சொல்லியனுப்பினார். தாணு பிள்ளை மறுத்தார், கட்சியின் மற்றத் தலைவர்கள் தாணு பிள்ளையின் பக்கம் சாய்ந்தார்கள். லோகியா பொறுப்பிலிருந்து விலகினார். சண்டை முற்றி, 1955 முடிவில் அவர் தனிச் சோசலிஸ்ட் கட்சி கண்டார். துடிப்புள்ள இளைஞர்கள் பலர் அவரோடு போனார்கள். ‘சமாஜ்வாதி யுவஜன சபா’ என்ற இளைஞர் அமைப்பு அந்த முகாமில் வளர்ந்து, அறுபதுகளில் உத்தரப் பிரதேசப் பல்கலைக்கழகங்களைக் கலக்கியது. ஆகவே வட இந்தியாவில் நாற்பது ஆண்டு அரசியலை ஆட்டிவைத்த ஒரு பிளவில், உங்கள் தாத்தாவின் ஊரில் வெடித்த குண்டுக்கும் பங்கு உண்டு. லக்னோவில் யாரும் மார்த்தாண்டத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

தாணு பிள்ளையின் அமைச்சரவை 1955 பிப்ரவரியில், காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டதும் கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. உங்கள் பாறசாலை அமைந்த நெய்யாற்றின்கரையும், தேவிகுளமும், பீர்மேடும், நான் உட்கார்ந்து இதை எழுதும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. உங்கள் தாத்தா கண்டதை அவர் வாய்மொழியாகவே எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.